தேரை முட்டையில் மூளை மடிந்து உருவாவதைப் பார்ப்பது எப்படி

கோடையில் ஒரு நல்ல மழை அடித்துவிட்டால் காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் அன்றைக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. கல் எடுத்த குழி, மாந்தோப்பு நடுவில் தேங்கிய தண்ணீர், ரோட்டோரப் பள்ளம் என்று எல்லா இடத்திலும் தேரைகள் கத்தும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அது இந்த வேலைக்கு ரொம்ப வசதி. சத்தம் எந்தப் பள்ளத்திலிருந்து வந்தது என்று ராத்திரியே குறித்துக்கொண்டு, விடியக்காலையில் டார்ச்சோடு போனால் போதும். புல் தண்டையும் குச்சியையும் சுற்றிச் சுற்றி, கருகமணி கோத்த கண்ணாடி நூல் மாதிரி ஒன்று கிடக்கும். அதுதான் தேரையின் முட்டைச் சரம். ஒவ்வொரு கருப்பு மணியும் ஒரு முட்டை, ஏறக்குறைய ராகி மணி அளவு.

பிளஸ் டூ படிக்கும் என் அக்கா மகன் அந்தச் சரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டான்: "மாமா, எல்லாமே ஒரே முட்டையிலேருந்து வந்த செல்லுதானே, இதுல எது மூளையாகணும், எது தோலாகணும்னு யாரு சொல்றது?" நல்ல கேள்வி. உயிரியல்காரர்கள் இதற்காக எழுபது வருஷம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள், கடைசியில் கிடைத்த பதில் எதிர்பார்த்ததற்கு நேர் தலைகீழ். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் கண்ணால் பார்த்துவிட வேண்டும், பார்க்காமல் படித்தால் வெறும் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சும்.

தேவையானவை ஒன்றும் பெரிதில்லை. அடி தட்டையான, சித்திரம் இல்லாத கண்ணாடிக் கிண்ணம் ஒன்று, 10 மடங்கு கை லென்ஸ் (கடிகாரக் கடைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்வாரே, அதுவும் ஓடும்), சின்ன டார்ச், சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி, ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சு. போனில் மேக்ரோ இருந்தால் இன்னும் நல்லது, நேரத்தோடு படம் சேமித்துக்கொள்ளலாம்.

முட்டை எடுக்கும்போது பேராசை வேண்டாம். ஒரு விரல் நீளச் சரம், இருபது முப்பது முட்டை, அவ்வளவுதான். நான் முதல் தடவை அரைக் கிண்ணம் நிறைய அள்ளி வந்து, மதியத்துக்குள் தண்ணீர் நாறி, எல்லாம் வெள்ளையடித்துப் போய்விட்டது. மழைக்கு மஞ்சள் நிறமாக மாறிக் கத்தும் பெரிய தவளை, அதாவது இந்தியப் பெருந்தவளை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, அதன் முட்டைப் பக்கம் போகாதீர்கள். தேரை முட்டையிலும் நஞ்சு உண்டு, அதனால் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், கிண்ணத்தைத் திரும்ப அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள். தண்ணீர் அந்தப் பள்ளத்துத் தண்ணீராகவே இருக்கட்டும். ஒகேனக்கல் குடிநீர் வரும் குழாயில் பிடித்து ஊற்றினால் அதிலுள்ள குளோரின் முட்டையைக் கொன்றுவிடும், போர் தண்ணீரையும் நான் நம்புவதில்லை.

நேரக் கணக்குதான் இதில் முக்கியம். ஆய்வுக்கூடங்களில் உலகம் முழுக்கப் பயன்படுத்துவது ஜெனோபஸ் என்ற ஆப்பிரிக்க நகத் தவளை. அதன் முட்டை 23 டிகிரித் தண்ணீரில் கருவுற்று ஒன்றரை மணி நேரத்தில் முதல் தடவை இரண்டாகப் பிளக்கும், 10 மணி நேரத்தில் செல்கள் உள்ளே சுருள ஆரம்பிக்கும், 15 அல்லது 16 மணி நேரத்தில் முதுகுப் பக்கம் நரம்புத் தட்டு, அதாவது மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் தட்டையான இடம், தெரியும், 20 மணி நேரத்துக்கு மேல் அது குழாயாக மூடிவிடும். நம் ஊர்த் தேரைக்கு அப்படியே பொருந்தாது, அதிலும் கோடைத் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பானது, எல்லாம் முன்னாலேயே நடந்துவிடும். அதனால் ராத்திரி பதினொரு மணிக்கு இட்ட முட்டை என்றால் காலை எட்டு மணியிலிருந்தே அரை மணிக்கு ஒரு தடவை எட்டிப் பாருங்கள். நான் ஒருமுறை சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து வந்தேன், மடிப்பு மூடி முடிந்திருந்தது. அடுத்த மழைக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

காலையில் பார்க்க வேண்டியது முட்டையின் அடிப்பக்கம். கருப்புப் பக்கம் எப்போதும் மேலேதான் நிற்கும், நீங்கள் புரட்டினாலும் ஜெல்லிக்குள் அது திரும்பிக்கொள்ளும். அதனால்தான் முகம் பார்க்கும் கண்ணாடி: கிண்ணத்தை இரண்டு செங்கல் மேல் வைத்து அடியில் கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள். வெளிறிய பக்கத்தின் ஓரத்தில் நகக்குறி போட்ட மாதிரி ஒரு சின்னப் பிறைக் கோடு தெரிந்தால், அதைக் கவனமாகப் பாருங்கள். அதற்கு முதுகு உதடு என்று பெயர். வெளியிலிருக்கும் செல்கள் அந்த உதட்டின் மேல் வழிந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் பிறை வட்டமாகி, நடுவில் வெளிறிய மஞ்சள் கரு ஒரு தக்கை மாதிரி பிதுங்கி நிற்கும். கதையின் நாயகன் அந்த உதடுதான்.

அப்புறம் மேல்பக்கம். கருப்பு முட்டையின் மேல் கருப்பு மடிப்பு, நேர் மேலிருந்து வெளிச்சம் அடித்தால் ஒன்றுமே தெரியாது. உழவுச் சால் உச்சி வெயிலில் தெரிவதைவிடச் சாயங்கால வெயிலில்தானே துல்லியமாகத் தெரியும், அதே கணக்கு. டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். வட்டமாக இருந்த முட்டை கொஞ்சம் நீண்டு, முதுகில் செருப்புத் தடம் மாதிரி ஒரு தட்டையான இடம் தெரியும். ஒரு முனை அகலம், மறு முனை குறுகல். அகலமான முனை மூளையாகப் போவது, குறுகலானது தண்டுவடம். தடத்தின் இரண்டு கரையும் மெல்ல மேடேறி, ஒன்றையொன்று நோக்கி வந்து, நடுவில் ஒட்டிக்கொள்ளும்.

இது புரியவில்லை என்றால் வீட்டில் கொழுக்கட்டை பிடிக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். மாவைத் தட்டி, இரண்டு ஓரத்தையும் தூக்கி, நடுவில் சேர்த்துக் கிள்ளி ஒட்டுவார்கள் அல்லவா? உள்ளே அடைபட்ட இடம் நரம்புக் குழாய். கிள்ளிய வரப்பிலிருந்து உதிரும் மாவு இருக்கிறதே, அந்த இடத்துச் செல்களும் அப்படியே கழன்று உடம்பு முழுக்க நடந்துபோகும். முகத்து எலும்பில் ஒரு பகுதி, தோலின் நிறச் செல்கள், தண்டுவடத்துக்கு வெளியே இருக்கும் நரம்பு முடிச்சுகள் எல்லாம் அவற்றிலிருந்து வருபவை. மனிதக் கருவிலும் இதே மடிப்புத்தான், கருவாகி சுமார் 28 நாளில் மூடிவிடும், கர்ப்பத்தின் தொடக்கத்தில் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரை இந்தக் குழாய் சரியாக மூடுவதற்காகத்தான்.

சரி, இப்போது அக்கா மகன் கேள்விக்கு வருவோம். செருப்புத் தடத்துக்குள் இருக்கும் செல் மூளையாகிறது, ஒரு மயிரிழை வெளியே இருக்கும் செல் தோலாகிறது. யார் சொன்னது?

ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்பீமன், ஹில்டே மாங்கோல்ட் இருவரும் செய்த ஒரு வேலை 1924-ல் வெளியானது. நியூட் என்ற வால் உள்ள இருவாழ்வியின் கருவிலிருந்து அந்த உதட்டை வெட்டி, வேறொரு கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டினார்கள். ஒரு கரு வெளிர் நிறம், இன்னொன்று அடர் நிறம், எந்தச் செல் யாருடையது என்று அடையாளம் தெரிவதற்காக. வயிற்றில் இன்னொரு முதுகு முளைத்தது, அதில் இன்னொரு நரம்புக் குழாய். அந்தக் குழாயின் செல்கள் பெரும்பாலும் ஒட்டிய துண்டிலிருந்து வரவில்லை, வாங்கிக்கொண்ட கருவினுடையவை. வயிற்றுத் தோலாக ஆகியிருக்க வேண்டியவை, பக்கத்தில் உதடு வந்ததும் மூளையாகிவிட்டன. ஹில்டே அதே வருஷம் அடுப்பு விபத்தில் இறந்துபோனார், ஸ்பீமனுக்கு 1935-ல் நோபல் கிடைத்தது. உதடு ஏதோ ஒரு பொருளைச் சுரந்து 'மூளையாகு' என்று உத்தரவு போடுகிறது என்று எல்லாரும் அந்தப் பொருளைத் தேடிக் கிளம்பினார்கள், பல பத்தாண்டு அலைந்தும் உருப்படியாக ஒன்றும் சிக்கவில்லை.

சிக்காததற்குக் காரணம் அப்படி ஓர் உத்தரவே இல்லை என்பதுதான். 1989-ல் ஜெனோபஸ் கருவின் உச்சித் தொப்பியை, அதாவது மேல்முனையில் உள்ள செல்களின் மூடியை, வெட்டி எடுத்துச் செய்த சோதனைகளில் இது வெளியே வந்தது. தொப்பியை அப்படியே விட்டால் தோலாகும். செல் செல்லாகப் பிரித்து, சில மணி நேரம் உப்புக் கரைசலில் தனித்தனியே விட்டுவிட்டுப் பார்த்தால்? நரம்பாகிவிட்டது! யாரும் எதுவும் சொல்லாமல் விட்டால் அது நரம்பு. கூடி இருக்கும்போது செல்கள் ஒன்றுக்கொன்று 'தோலாகு, தோலாகு' என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன, அந்தச் சொல்தான் பிஎம்பி என்ற வளர்ச்சிக் காரணி. பிரித்துவிட்டால் பிஎம்பி கரைசலில் கலந்து போகிறது, சொல் காதில் விழுவதில்லை.

வளர்ச்சிக் காரணி என்ற பெயரைக் கேட்டு யூரியா மாதிரி கற்பனை செய்யாதீர்கள், நம்மில் பாதிப் பேர் அங்கேதான் தடுக்கி விழுகிறோம். கருவில் இவை ஆளைப் பெருக்க வைப்பதைவிட 'நீ யார்' என்று சொல்லும் கடிதங்கள். ஒரு செல் எழுதி வெளியே போடும், பக்கத்துச் செல் தன் மேல்சவ்வில் உள்ள ஏற்பி வழியாக வாங்கிப் படிக்கும்.

அப்படியானால் உதடு என்னதான் செய்கிறது? தபால்காரரை வழிமறித்துக் கடிதத்தைப் பிடுங்குகிறது. 1992-ல் நாகின் என்ற புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். நமக்குப் பாம்பு ஞாபகம் வரும், ஆனால் ஆங்கிலப் பேச்சுவழக்கில் அதற்கு மண்டை என்று அர்த்தம், கருவில் அதைக் கூடுதலாகச் சேர்த்தால் மண்டை பெருத்துவிட்டது, அதனால் அந்தப் பெயர். 1994-ல் கார்டின் வந்தது. இரண்டுமே உதட்டிலிருந்து சுரப்பவை, செல்களுக்கு நடுவே பிஎம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏற்பி பக்கம் போகவிடாதவை. 2005-ல் இதை இரண்டு பக்கமும் சரிபார்த்துவிட்டார்கள். நாகின், கார்டின், கூட அதே வேலை செய்யும் ஃபாலிஸ்டாட்டின் மூன்றையும் சேர்த்து முடக்கினால் நரம்புத் தட்டே வரவில்லை. பிஎம்பி வகையில் நான்கு காரணிகளை ஒன்றாக முடக்கினால் கருவின் வெளிப்பக்கம் முழுக்க நரம்பு, தோலுக்கு இடமே இல்லை.

ஆக அக்கா மகனுக்குப் பதில்: "யாரும் சொல்லலடா. தோலாகுன்னு சொல்றது காதுல விழாம பாத்துக்கிட்டாங்க, அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அவனிடம் சொன்னது கொஞ்சம் அவசரம், ஏனென்றால் எஃப்ஜிஎஃப் என்று இன்னொரு கடிதம் இருக்கிறது. ஆரம்பத்தில் இணைப்புத் திசுவின் செல்களை வளர வைத்ததால் வந்த பெயர் அது, தவளைக் கருவில் அது செய்யும் வேலைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் குறைவு. நாகின் தெருவில் தபாலைப் பிடுங்குகிறது என்றால், எஃப்ஜிஎஃப் வீட்டுக்குள்ளேயே புகுந்து காரியம் பார்க்கிறது. பிஎம்பி சொன்னதைச் செல்லின் மையக்கருவுக்குக் கொண்டுபோகும் ஆள் ஸ்மாட்1 என்ற புரதம். எஃப்ஜிஎஃப் ஏற்பி தூண்டப்பட்டதும் உள்ளே மேப் கைனேஸ் என்ற நொதி வேலை செய்து, ஸ்மாட்1-ன் நடுப்பகுதியில் பாஸ்பேட் முத்திரை குத்திவிடும். முத்திரை விழுந்த ஸ்மாட்1 சரியாக வேலை செய்யாது. கடிதம் வீடு வந்து சேர்ந்தது, ஆனால் நடவடிக்கை இல்லை. கருவின் நரம்பு முளைக்க பிஎம்பியைத் தடுப்பது மட்டும் போதாது, அதற்கு முன்பே எஃப்ஜிஎஃப் பேச்சும் தேவை என்று 2005-ல் தவளையிலும் காட்டினார்கள். கோழிக் கருக்காரர்கள் அதை அதற்கு முன்பிருந்தே சொல்லிவந்தார்கள், தவளைக்காரர்கள் ஒப்புக்கொள்ளக் கொஞ்ச நாளாயிற்று.

எஃப்ஜிஎஃபின் இரண்டாவது வேலைதான் எனக்குப் பிடித்தது. செருப்புத் தடத்தில் ஒரு முனை மூளை, மறு முனை தண்டுவடம் என்றோமே, அந்த முன் பின் எங்கிருந்து வந்தது? உச்சித் தொப்பிக்கு நாகின் மட்டும் கொடுத்தால் வருவது முன்மூளை வகை மட்டுமே. கூடவே எஃப்ஜிஎஃபும் கொடுத்தால் பின்மூளை, தண்டுவடத்தின் அடையாளங்கள் வரும். 1991-ல் எஃப்ஜிஎஃப் ஏற்பியைச் செயலிழக்க வைத்த ஜெனோபஸ் கருக்களில் தலை வந்தது, உடலின் பின்பகுதியும் வாலும் சரியாக வரவில்லை. முதலில் கிடைப்பது தலைதான், அதைப் பின்னோக்கி இழுத்துத் தண்டுவடமாக மாற்றுபவை எஃப்ஜிஎஃப், விண்ட் என்ற இன்னொரு கடிதம், வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம் மூன்றும். தலை தலையாகவே இருக்க வேண்டுமானால் இவற்றிடமிருந்து தப்பிக்க வேண்டும், அதற்காகவே முன்பக்கத்தில் டிக்காஃப், செர்பெரஸ் என்று விண்டைத் தடுக்கும் புரதங்கள் காவல் நிற்கின்றன.

இதைக் கையால் செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பழைய வேட்டியில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு பட்டை கிழித்து, நனைத்துப் பிழிந்து, தட்டில் பரப்புங்கள். ஒரு முனையில் மட்டும் சொட்டு நீலம் இரண்டு சொட்டு விடுங்கள். கொஞ்ச நேரத்தில் அந்த முனை கரு நீலம், நடுவில் வெளிர் நீலம், மறு முனை வெள்ளை. இப்போது நீங்கள் துணியில் ஒரு நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் துணி முழுசாகத் தெரியாது, உங்கள் மேல் எவ்வளவு நீலம் என்பது மட்டும் தெரியும். அடர்த்தி என்றால் தண்டுவடம், நடுத்தரம் என்றால் பின்மூளை, ஒன்றுமே இல்லை என்றால் முன்மூளை. செல்லும் அப்படித்தான் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. பிஎம்பிக்கும் இதே கணக்கு, திசை மட்டும் வேறு: நிறைய பிஎம்பி என்றால் தோல், கிட்டத்தட்ட இல்லை என்றால் நரம்புத் தட்டு, நடுத்தர அளவும் கூடவே விண்டும் எஃப்ஜிஎஃபும் என்றால் கொழுக்கட்டை ஓரத்தில் கிள்ளிய அந்த வரப்பு.

ஒரு சோதனை நீங்களும் செய்யலாம், முட்டைக்கு ஆபத்தில்லாதது. சரத்தை இரண்டாக வெட்டி ஒரு கிண்ணத்தை வீட்டு நிழலிலும், இன்னொன்றை மண்பானைக்குப் பக்கத்தில் ஈரத்துணி சுற்றியும் வையுங்கள். குளிர்ந்த கிண்ணத்தில் எல்லாமே மெதுவாக நடக்கும், ஆனால் செருப்புத் தடத்தின் அகலமோ வரிசையோ மாறாது. நேரத்தையும் படத்தையும் குறித்து வைத்து ஒப்பிட்டால் போதும். ரெட்டினாயிக் அமிலம் போட்டால் தலை சிறுக்கும், லித்தியம் போட்டால் தலை பெருக்கும் என்று படித்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். அது ஆய்வுக்கூடத்தில், அளவு தெரிந்து, அனுமதியோடு செய்கிற வேலை. நம் கிண்ணத்தில் செய்தால் கோணல் முட்டைகளைத் தவிர ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டோம்.

குழாய் மூடிய மறுநாள் முட்டை முட்டையாக இருக்காது, வால் மொட்டு நீண்டு, ஒரு கருப்புக் கமா மாதிரி ஜெல்லிக்குள் கிடக்கும். பொரிந்து வந்ததும் உடனே நீந்தாது, வாய்க்குக் கீழே உள்ள ஒட்டுச் சுரப்பியால் ஜெல்லியிலோ புல்லிலோ தொங்கும். நாகின் மட்டும் கொடுத்த தொப்பியில் முன்மூளையோடு கூடவே தோன்றுவது இந்தச் சுரப்பிதான், உடம்பிலேயே ஆக முன்னால் இருக்கும் உறுப்பு என்பதால்.

அப்போது ஒரு தலைமுடியை எடுத்து அதன் நுனியால் தலைப்பிரட்டையின் வலது விலாவை லேசாகத் தொடுங்கள், லென்ஸை எடுக்காமல். சட்டென்று இடது பக்கமாக வளையும். இடது பக்கம் தொட்டால் வலது பக்கமாக. தொடுகையை வாங்கியது தண்டுவடத்தில் இருக்கும் ரோஹன்-பியர்ட் செல்கள், முந்தாநாள் செருப்புத் தடத்தின் ஓரத்தில், பிஎம்பி அதிகமும் இல்லாமல் குறைவும் இல்லாமல் இருந்த இடத்தில் பிறந்தவை. தலைப்பிரட்டை வளர வளர அவை செத்துப்போய் வேறு நரம்புகள் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். நாலைந்து தடவைக்கு மேல் சீண்டாதீர்கள், பாவம்.

அன்று சாயங்காலமே கிண்ணத்தை எடுத்துப் போய் அதே பள்ளத்தில், தண்ணீரோடு தண்ணீராகச் சாய்த்து ஊற்றிவிடுங்கள். வேறு குட்டையில் விட்டால் ஒரு குட்டை நோய் இன்னொன்றுக்குப் போகும். நாங்கள் போனபோது பள்ளம் பாதி வற்றியிருந்தது, அக்கா மகன் செருப்பைக் கழற்றிவிட்டு ஆழமான பக்கம் இறங்கி ஊற்றினான்.